இரண்டாவது சீசனில் தேஷ்கா

எங்கள் ஊர் தபால் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தியவள் தேஷ்கா. பக்கத்து ஜன்னல் நான். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். தலைநகர் சோஃபியாவிலிருந்து டிவி தொடர் எடுக்க வந்தவர்கள் அந்த வாயைக் கேட்டுத்தான் மயங்கினார்கள். கதாநாயகியின் பக்கத்து வீட்டுக்காரி வேஷம் கொடுத்து, அவள் வீட்டையே அந்தப் பக்கத்து வீடாகவும் காட்டினார்கள். வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டால் இவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள் என்று, காலின் என்ற அந்த டைரக்டர் பாத்திரத்துக்கும் தேஷ்கா என்றே பெயர் வைத்துவிட்டார்.

முதல் சீசன் ஓடிய குளிர்காலத்தில் வெளியூர்க்காரர்கள் தபால்தலை வாங்குகிற சாக்கில் வந்து அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது சீசன் வருகிறது என்று தெரிந்ததும் வேலையை விட்டாள். ஸ்பெயினிலிருந்து மகள் பிரசவத்துக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை.

"நான் போன நேரம் பார்த்து ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டா? நான் இல்லாம அவங்க எதைடி எடுப்பாங்க?"

"கூறுகெட்டவளே, பேரப்புள்ளையப் பார்க்கப் போடீ."

"உனக்குப் பொறாமை."

ஆமாம், கொஞ்சம் இருந்தது. அதற்காக நான் சொன்னது தப்பாகிவிடுமா? மகளுக்கு மாமியார்தான் பிரசவம் பார்த்தாள்.

ஏப்ரலில் படப்பிடிப்பு லாரிகள் வந்து இறங்கின. தேஷ்கா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு காத்திருந்தாள். போன் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை ரொட்டி வாங்கப் போன நான் மின்கம்பத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவிப்பு. சிலுவைக்குக் கீழே தேஷ்காவின் படம், பெயர், வயது.

ஐயோ என்று அலறிக்கொண்டு ஓடினேன். அவள் வீட்டுக் கதவிலும் அதே தாள். கசாப்புக்கடை மெத்தோதி எனக்கு முன்பே, சாவுக்கென்று இரட்டைப்படையில் எண்ணி வாங்கிய ஆறு பூக்களோடு நின்று அழுதுகொண்டிருந்தார். கதவு திறந்தது. சமையல் துணியைக் கட்டிக்கொண்டு தேஷ்கா நின்றாள்.

"என்னய்யா, இரட்டைப்படையில பூ கொண்டாந்திருக்கே? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மெத்தோதி சிலுவைக்குறி போட்டார். பூக்கள் கீழே விழுந்தன. நான் தாளைக் காட்டினேன். அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். துக்கத்தோடு தெரிவிப்பவர் என்று கதாநாயகியின் பெயர் இருந்தது. தொடருக்காக ஒட்டிய தாள் என்று எங்கள் மூவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

கட்டிய துணியோடு நேரே காலினிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, உங்ககிட்ட சொல்ல யாருக்கும் மனசு வரல. உங்க சாவுலதான் இந்த சீசனே ஆரம்பிக்குது" என்றார் அவர்.

"சொல்ல மனசு வரல. கதவுல ஒட்ட மட்டும் வந்துச்சாக்கும்?"

விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பி, கதவிலிருந்த தாளைக் கிழித்தெடுத்தாள்.

இலையுதிர்காலத்தில் தொடர் ஓடியது. தெருவில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "நீ இல்லாம உப்புச்சப்பே இல்லை, தேஷ்கா" என்றார்கள். முதல் நாளே டிவியை அணைத்துவிட்டதாக மெத்தோதி சத்தியம் செய்தார். அத்தனையும் புளுகு. எட்டு வாரமும் எட்டு மணிக்குத் தெருவில் ஈ காக்கை இல்லை. அவளுடைய சவ ஊர்வலம் வந்த அன்று நான் அழுத அழுகைக்கு ஒரு துண்டு நனைந்தது.

கடைசி வாரம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். காபியைத் தொடவில்லை.

"ஊர்ல எல்லாரும் என் மனசு நோகக்கூடாதுன்னு பேசுறாங்க. நீ அப்படிப்பட்டவ இல்லை. சொல்லுடி, முதல் சீசன் நல்லாயிருந்துச்சா, இதுவா?"

பொய் சொல்லியிருக்கலாம். என் நாக்குக்குத் தெரியவில்லை.

"இதுதான்" என்றேன்.

தேஷ்கா தலையை ஆட்டினாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. என்னைப் புதைக்கிற இடத்துல நானே அழுதேன்டி. அவ்வளவு நல்லா எடுத்திருக்காங்க, பாவிங்க."