பிக்கிள் உதைக்காத இறக்கம்

எங்கள் பக்கத்துப் பண்ணை வேர்னா கில்கிறிஸ்ட்டுக்கு அறுபத்தோரு வயது. இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு இந்தக் கோடையில்தான் மறுபடியும் பீப்பாய்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையில் பறப்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பந்தயத் திடல் இருக்கும் மலைக்கு அந்தப் பக்கம் போக, அவளுடைய பெண்குதிரை பிக்கிள் டிரெய்லரில் ஏற வேண்டுமே!

அதை இழுக்கும் பிக்கப் வண்டியில், டிரெய்லரின் பிரேக்கை இயக்க மாட்டியிருந்த பழைய பெட்டிதான் வினை. பெடலைத் தொட்டாலும் மிதித்தாலும் டிரெய்லரை ஒரே மாதிரி வெடுக்கென்று பிடிக்கும். பிக்கிள் தடுமாறிச் சுவரை உதைக்கும். கடைசியில் டிரெய்லரைக் கண்டாலே காலை ஊன்றி நின்றுவிட்டது.

வண்டிச் சாமான் கடையில் வேர்னாவின் கணவன் டுவைட், "பழைய மாதிரியே ஒண்ணு சல்லிசா இருக்கு" என்றான்.

"அந்தச் சனியனையே திரும்ப வாங்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? வண்டி எவ்வளவு வேகம் குறையுதோ, அவ்வளவுதான் டிரெய்லரையும் பிடிக்கணும். அந்தா இருக்கு பாரு, அத எடு!" என்றாள் வேர்னா.

டுவைட் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, இரண்டு முறை இடித்துக்கொண்டு, ஒருவழியாக மாட்டினான். வைக்கோல் கட்டுகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். பிரேக் போட்டால் டிரெய்லர் சும்மா முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் திரும்பினால் கப்பென்று பிடித்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வேர்னா குனிந்து பார்த்தாள். "வண்டி போற திசையப் பாத்து மாட்டணும்யா! இது கதவப் பாத்துக்கிட்டு இருக்கு. நீ நிக்கிறது இதுக்கு எப்படித் தெரியும்?"

"நேரா வச்சா கொக்கியில தொங்குற என் சுருக்குக் கயிறு இடிக்குதே" என்றான் டுவைட்.

எங்கள் பக்கம் மாடு மேய்ப்பவனின் கயிற்றுக் கொக்கியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். வேர்னாகூட நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். டுவைட் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு தானே திருகாணியைக் கழற்றி, கொக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை நேராக மாட்டினான்.

சனிக்கிழமை ஓட்ஸ் காட்டி, கெஞ்சி, பிக்கிளை ஏற்றினோம். மலை இறக்கத்தில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினோம். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. உதை விழவே இல்லை.

வேர்னாவின் முகம் வெளுத்தது. "நிறுத்து! கதவு தெறந்து விழுந்துட்டாளா?"

ஓடிப்போய்த் திறந்தோம். பிக்கிள் வைக்கோலை மென்றுகொண்டே, யாரடா இவர்கள் என்பதுபோல் எங்களைப் பார்த்தது. வேர்னா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

பந்தயத்தில் ஐந்தாவது இடம்தான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும் நேரத்தில், யாரும் கயிற்றைப் பிடித்து இழுக்கும் முன்பே, பிக்கிள் தானாக டிரெய்லரில் ஏறியது.

"டுவைட்! பாத்தியா? பாத்தியாய்யா?" வேர்னா திடலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

டுவைட் தலையாட்டினான். மாட்ட இடமில்லாத கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வண்டியை ஓட்டினான்.