ரோஸ்லினுக்கு வந்த பேனா

முற்றத்து மூலையில் எங்கள் பூனை மினூ சிறுநீர் கழித்த மணலில் எறும்பு மொய்த்திருந்தது. செலின்தான் முதலில் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்ட குரல் சரியாக இல்லை. ஒரு காலில் செருப்போடு போனேன்.

"எறும்பு" என்றாள்.

எங்கள் வீட்டில் எறும்பு என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். எங்கள் ஒரே மகள் ரோஸ்லினுக்கு ஒன்பது வயதானபோது கழிப்பறை வாசலில் இப்படித்தான் எறும்பு வரிசை கட்டியது. ஓயாத தாகம், ஓயாத சிறுநீர், தின்னத் தின்ன இளைக்கிற உடம்பு. அவளுக்கு வந்தது குழந்தைகளைப் பிடிக்கிற வகை நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திவிடும், ஊசி இல்லாமல் உயிர் தரிக்காது). என் மனைவி செலின் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, காலையும் மாலையும், ஆறு வருஷம் ஊசி போட்டாள்.

பதினைந்தாவது வயதில், ஐப்பசி மழையில், காய்ச்சலும் வாந்தியும் வந்தன. இரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரித்து உண்டாக்கிக்கொள்ளும் நஞ்சு). புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். யார் மேலும் தவறில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். எங்களுக்கும் அது தெரியும். ஏதாவது தவறு இருந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு அழுதிருப்போம்.

மினூ அவள் வளர்த்த கடுவன் பூனை. பிரான்சில் பூனையை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்கள் என்று அவளுடைய மாமா சொல்லி வைத்த பெயர். மாமா என்றால் செலினின் தம்பி அந்துவான். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அங்கேயே வேலை பார்ப்பவர்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. மை பேனா மாதிரியே இருக்கும் இன்சுலின் பேனா அங்கே வந்திருக்கிறது, சிரிஞ்சு வேண்டாம், கொதிக்க வைக்க வேண்டாம், பள்ளிக்கூடப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அந்துவான் முன்பே போனில் சொல்லியிருந்தார். ரோஸ்லினுக்கு அன்றிலிருந்து அந்தப் பேச்சுதான். இங்கே எந்த மருந்துக்கடையிலும் அது கிடையாது. அவளுடைய டாக்டரிடம் சீட்டு வாங்கி அனுப்பினோம். அதைக் காட்டி அங்கே ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி, ஊருக்கு வரும் நண்பர் ஒருவரிடம் அந்துவான் கொடுத்துவிட்டார். அந்த நண்பர் வழியில் பம்பாயில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு வந்தார். அதற்குள் எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வாசலில் நின்று, அகலவாய் பிளாஸ்க் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார். "வழி பூரா ஐஸ் மாத்தி மாத்தி கொண்டாந்தேங்க. பாப்பா எங்க? அது கையிலதான் குடுக்கணும்னு அந்துவான் சொன்னாரு."

செலின் "உள்ள வாங்க, உக்காருங்க" என்றாள். உள்ளே வந்தவர் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். பிளாஸ்க்கைத் தரையில் இறக்கினார். செலின் காப்பி கொண்டுவந்து வைத்தாள். போகும் முன் என்ன செய்வதென்று தெரியாமல், "இத எப்படிப் போடறதுன்னு பாப்பாவுக்குக் காட்டச் சொல்லி எனக்குக் கத்துக்குடுத்தாருங்க. ஒரு தடவ காட்டிட்டுப் போறேன்" என்றார்.

காட்டினார். குப்பியை உள்ளே செருகுவது, ஊசியைத் திருகுவது, காற்றுக்குமிழை வெளியேற்றுவது. ஒருமுறை அமுக்கினால் இரண்டு யூனிட். செலின் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவர் போன பின் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று நான் இரண்டொரு முறை சொன்னேன். "இருக்கட்டும்" என்றாள்.

அதன் பிறகு அவள் கவனமெல்லாம் மினூ மேல் போயிற்று. சர்க்கரை போட்ட பால், பிஸ்கட், கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டு. ரோஸ்லினுக்கு எதையெல்லாம் மறுத்தோமோ அதெல்லாம் பூனையின் தட்டுக்குப் போனது. "இதுக்காவது இல்லன்னு சொல்லாம குடுக்கலாமேங்க" என்பாள். பூனை தலையணை போல ஆனது. பிறகு ஒரு மழைக்காலம் கழிந்து, முதுகெலும்பு கையில் தட்டுப்படும்படி இளைக்க ஆரம்பித்தது. தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவே இல்லை. அப்போதுதான் எறும்பு வந்தது.

அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. எனக்கு மின்சார இலாகாவில் குமாஸ்தா வேலை, லீவு சொல்லிவிட்டேன். செலின் பரணிலிருந்து சோதனைக் குழாயையும் நீலத் திரவத்தையும் எடுத்தாள் (சிறுநீர் சில துளிகள் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இருக்கும் அளவுக்குப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும்). மணலை அள்ளிவிட்டு வெறும் தட்டு வைத்துச் சிறுநீர் பிடித்தாள். ஸ்பிரிட் விளக்கில் குழாய் கொதித்தது. செங்கல் நிறம் வந்தது. அந்த நிறத்தை அவள் பார்க்கும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். மினூவை மீன்கூடையில் வைத்து மூடி பஸ்ஸில் கொண்டுபோனோம். அவரைச் சுற்றி மாடுகளும் ஆடுகளும் நின்றன. பூனையைத் தடவிப் பார்த்துவிட்டு, நாங்கள் சொன்னதை முழுதும் கேட்டார்.

"படிச்சிருக்கேங்க. நேர்ல பார்த்ததில்ல. பூனைக்கு வரும். இன்சுலின் போடலாம். ஆனா தினம் ரெண்டு வேளை யாரு போடுவா?"

"நான் போடுவேன்" என்றாள் செலின்.

அவர் ரோஸ்லினைப் பார்த்த டாக்டரிடமும் பேசினார். இருவரும் சேர்ந்து, வேளைக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நம் ஊர்க் குப்பி மருந்தில் அவ்வளவு சொற்பத்தைக் கண்ணாடி சிரிஞ்சில் அளப்பது கஷ்டம். ஒரு கோடு கூடினாலும் பூனை தாங்காது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செலின் ஃபிரிட்ஜைத் திறந்தாள். என்ன எடுக்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"அது பாப்பாவுக்கு வந்தது" என்றேன். "பூனைக்கா?"

அவள் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "காலையில எந்திரிச்சா கைக்கு வேல இல்லைங்க. சாயங்காலமும் இல்ல. ஆறு வருஷம் இருந்துச்சு. ஒரு நாள்ல நின்னுபோச்சு."

நான் பேனாவை வாங்கி, குப்பியைச் செருகிக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிராணி இருந்தால், நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன். அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். திறக்காத குப்பிகள் ஃபிரிட்ஜில் இருக்கலாம், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கூடாது; ஒருமுறை உறைந்தால் மருந்து செத்துவிடும். அடிக்கடி கரண்டு போகும். மின்சார இலாகாவில் இருந்து என்ன பயன், என் வீட்டுக்கு மட்டும் கம்பி இழுத்துக்கொள்ள முடியுமா? அதனால் மண்பானையில் ஈரமணல் போட்டு, நடுவில் தண்ணீர் புகாத டப்பா ஒன்றைப் புதைத்து, குப்பிகளை அதில் வைத்தோம். பேனாவில் இருக்கும் குப்பி வெயில் படாத இடத்தில் இருந்தால் போதும். பால்போல் கலங்கலான மருந்து என்பதால் ஒவ்வொரு முறையும் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. முதலில் மேல்நோக்கிப் பிடித்து ஒருமுறை அமுக்கி, ஊசி முனையில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பேனாவின் குப்பி மருந்து நம் ஊர் மருந்தைவிட இரண்டரை மடங்கு அடர்த்தி. பேனா கெட்டால்கூட அதை நம் ஊர் சிரிஞ்சில் இழுத்துப் போட்டுவிடாதீர்கள். உயிர் போய்விடும்.

பூனை முதலில் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் ஊசி இல்லை, டாக்டரைத்தான் கேட்க வேண்டும். தோள்பட்டைக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, ஊசியை நுழைத்து, அமுக்கி, உடனே எடுக்காமல் மெதுவாகப் பத்து எண்ண வேண்டும். முதல் சில நாள் ஊசி மறுபக்கம் வந்து ரோமத்தில்தான் மருந்து இறங்கியது. ரோமம் ஈரமாக இருந்தால் மறுபடி போடாதீர்கள், அந்த வேளையை விட்டுவிடுங்கள் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். சோறு, பால், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். உப்பில்லாமல் அவித்த மத்தி மீன் மட்டும். மினூ முதல் வாரம் முழுக்கத் திட்டியது.

செலின் பத்து எண்ணும்போது உதடு அசைந்து முணுமுணுப்புக் கேட்கும். ரோஸ்லினுக்குப் போடும்போதும் அப்படித்தான் எண்ணுவாள். நான் பக்கத்து அறையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பேன். கண்ணை மூடினால் கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

மாதங்கள் போயின. பூனைக்குச் சதை பிடித்தது. குழாயில் செங்கல் நிறம் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. மருந்து தீர்ந்துவிடுமோ என்று அந்துவானுக்கு டிரங்க் கால் போட்டோம். செலின்தான் பேசினாள்.

"தம்பி, அந்தப் பேனா மருந்து இன்னும் ஒரு பெட்டி வேணும்."

"யாருக்குக்கா?"

"மினூவுக்கு."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. கட்டாகிவிட்டதோ என்று செலின் ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். அதற்குள் அவர் குரல் வந்தது. "பாப்பா பேருக்கு எழுதுன சீட்டு இன்னும் என் பர்ஸ்லதான்க்கா இருக்கு. டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிக் கேக்குறேன்."

அந்தப் பெட்டி வருவதற்குள் ஒரு காலையில் மினூ சுவரில் போய் மோதியது. கால்கள் பின்னின. கூப்பிட்டால் திரும்பவில்லை. தாழ்சர்க்கரை (இன்சுலின் தேவைக்கு மேல் போய், இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுவது). செலின் ஓடவில்லை, கத்தவில்லை. குளுகோஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஈறுகளில் விரலால் தேய்த்தாள். தொண்டையில் ஊற்றினால் புரையேறும். தேய்த்துக்கொண்டே "ஒண்ணுமில்லடா பாப்பா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பூனை கண் விழித்து அவள் விரலை நக்கிய பிறகுதான் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கால்நடை டாக்டர் ஊசியை நிறுத்தச் சொன்னார். தினமும் சோதித்துக்கொண்டே வரச் சொன்னார். மறுநாள் குழாய் கொதித்தது, நீலமாகவே இருந்தது. அடுத்த நாளும் நீலம். வாரம் முழுக்க நீலம். குழாய்களைக் கையில் எடுத்துக்கொண்டே அவரிடம் போனோம்.

"நல்ல சேதிங்க" என்றார். "பூனைங்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். கணையம் களைச்சுப் போயிருக்கும். கொஞ்ச நாள் நாம ஊசியால தாங்கிப் பிடிச்சா, அதுக்கு ஓய்வு கிடைச்சு மறுபடி வேல செய்ய ஆரம்பிச்சிரும். இனிமே ஊசி வேணாம். மீனை மட்டும் விட்றாதீங்க."

செலின் கேட்டாள். "களைச்சுப் போனதுதானா?"

"இதுக்கு அப்படித்தாங்க."

"பாப்பாவுக்கும் ஓய்வு குடுத்துருந்தா?"

"அது வேறங்கம்மா. பிள்ளைகளுக்கு வர்றதுல இன்சுலின் சுரக்குற செல்லே அழிஞ்சிரும். திரும்பி வராது. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் வராது."

"ஒரு தடவகூட அவளுக்கு இப்படி வாரம் பூரா நீலமா நின்னதில்லைங்க" என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பூனை பிழைத்ததற்காக அழுகிறாள் என்று பக்கத்து சீட்டுப் பெண் நினைத்திருப்பாள். அதுவும் இருந்தது.

அந்துவான் அனுப்பிய பெட்டி பிறகு வந்தது. அதை அப்படியே ரோஸ்லினின் டாக்டரிடம் கொடுத்தோம். பேனாவை மட்டும் செலின் கொடுக்கவில்லை.

ஊசி நின்றும் மினூ ஊசி நேரத்தில் வந்து அவள் காலடியில் குனிந்து உட்காரும். அவள் தோலைத் தூக்கிப் பிடித்து, பத்து எண்ணி, விட்டுவிடுவாள். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் உயிரோடு இருந்தது. முதுமையில் சிறுநீரகம் ஓய்ந்து, ஒரு மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இறந்து கிடந்தது. அதோடு அந்த வீட்டில் ரோஸ்லினைத் தொட்டிருந்த உயிர்களில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம்.

ரோஸ்லின் இருந்தபோது அவளுக்கு ஊசி போட்டு அரை மணி கழித்துத்தான் எல்லோரும் சாப்பிடுவோம். எனக்கு எந்த நோயும் இல்லை. ஆனாலும் தட்டில் சோறு விழுந்ததும் என் கை அரை மணி நேரம் காத்திருக்கப் பார்க்கிறது, யாரோ ஒருவருக்கு ஊசி இறங்க வேண்டும் என்பதுபோல. நாள் என்பது எங்களுக்கு இன்றும் காலை, மாலை என்று இரண்டு துண்டுதான். நடுவில் இருப்பதை எப்படியோ கடக்கிறோம்.

செலினுக்கு இப்போது மறதி கூடிவிட்டது. சாயங்காலம் விளக்கு போட்டதும் சில நாள் என் பக்கம் திரும்பி, "ஊசி போட்டாச்சாங்க?" என்று கேட்பாள்.

யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

"ஆச்சு" என்பேன். "நீ சாப்பிடு."