ஆவுடையம்மாள் கிணற்றடியில் ஓடிய புங்க எண்ணெய் எஞ்சின்

காலை 7.40 மணிக்கு மதுரை ரயில் என்னைக் கோவில்பட்டியில் இறக்கிவிட்டது. திருநெல்வேலிச் சாலையில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் பதினைந்து ரூபாய். இடைசெவலில் இறங்கி, கரிசல் காட்டு வண்டிப்பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். நில வெடிப்பொன்றில் என் கைத்தடி பிடிவரை இறங்கியது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்பதால் உழவர் குழு என்னை அழைத்திருந்தது. புங்க எண்ணெயில் செய்த பயோடீசலுடன் ஆல்கஹாலைக் கலந்து, ஆவுடையம்மாள் என்னும் விவசாயி பம்பு எஞ்சினை ஓட்டிவந்தார். நான் பார்த்துக் கையொப்பமிட்டால்தான் குழு அடுத்த பருவத்துக்கும் ஆல்கஹால் வாங்கித் தரும். அத்தகைய கலவை பிரிந்துவிடும் என்று மேடைகளில் பேசியவன் நான்.

9.10. கிணற்றடியில் ஆவுடையம்மாளுடன் மெக்கானிக் செல்லையா காத்திருந்தார்.

“சாராயத்த ஊத்துதியளேக்கா, போலீசு வந்தா நானும்லா மாட்டுவேன்!”

“இதக் குடிச்சா இஞ்சின்தாம்ல ஓடும், நீ ஓடமாட்ட,” என்றார் ஆவுடையம்மாள்.

கலக்கும் கேனில் கரிசல் தூசி படிந்திருந்தது. கழுவச் சொன்னேன். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கிணற்று நீரில் அலசிக் கவிழ்த்தார். எட்டுப் பங்கு பயோடீசல், இரண்டு பங்கு ஆல்கஹால். எஞ்சின் நான்கு முறை இருமி அடங்கியது.

“சார் சொன்னது சரியாப் போச்சுல்லாக்கா,” என்றார் செல்லையா.

கலவையைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துப் பார்த்தேன். மோர்போல் கலங்கி, அடியில் தனியே ஒரு படலம். ஆவுடையம்மாள் தம் பருத்திச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கூற்று மெய்ப்பட்டுவிட்டது. எழுந்து வந்திருந்தால் எவரும் என்னைக் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

“தவறு என்னுடையது, அம்மா. கேனில் தங்கிய தண்ணீர்தான் கலவையைப் பிரித்திருக்கிறது. கழுவச் சொன்னவன் நான்.”

“நாங்க துணியாலதான் சார் தொடைப்போம். பெரியவிய சொல்லுதீயளேன்னு...” என்று நிறுத்திக்கொண்டார்.

10.25. செல்லையா டாங்கியையும் குழாயையும் வடித்துத் துடைத்தார். உலர்ந்த கேனில் மீண்டும் கலந்தோம். புட்டியில் அது தேன்நிறமாய், என் கைரேகை மறுபுறம் தெரியுமளவு தெளிவாய் நின்றது. செல்லையா கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது! புகைபோக்கி எதிரே என் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினேன். டீசல் புகைபோல் கரி அப்பவில்லை; இளஞ்சாம்பல் நிறமே படிந்தது. மரத்தடியில் பொறுக்கிய புங்க விதை, எழுபதடி ஆழத்து நீரை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. வெடிப்புகள் அதை ஓசையோடு விழுங்கின. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

நண்பகலில் கையொப்பமிட்டேன். முதல் முயற்சி தவறியதற்கான காரணத்தையும் என் பெயரோடு எழுதிக் கொடுத்தேன்.

மதுரையில் எங்கள் தெருவில் மூன்று புங்க மரங்கள் நிற்கின்றன. உதிரும் காய்களைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். புகை வருகிறதென்று மாநகராட்சிக்கு நான் இருமுறை புகார் எழுதியிருக்கிறேன்; காய்களைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.