டிராம் போன வழி

நான் பிறக்கும் முன்பே நின்றுபோன டிராமின் வழியிலேயே நகரிலிருந்து மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வரை சைக்கிளில் போகலாம் என்று நண்பன் சொன்னான். அதை நம்பிப் பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். டிராம் ஓடியதற்கு அடையாளமாக ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. அவனைத் திட்டிக்கொண்டே உச்சி வெயிலில் திரும்பும்போது, சூலியா சாலைச் சந்திப்பில் முன்சக்கரம் எதிலோ சிக்கித் தலைகுப்புற விழுந்தேன்.

பழக்கடை அக்கா ஓடி வந்தார். "தம்பி, அடி பட்டிருச்சா?"

"அக்கா, தண்டவாளம்!"

தார்ச்சாலைக்குள் புதைந்து, கார் டயர்கள் தேய்த்துத் தேய்த்து, இரண்டு இரும்புக் கோடுகள் வெள்ளியாய் மின்னின.

"அது எப்பவும் அங்கதான் இருக்குலா. சைக்கிள்ல வர்றவங்க எல்லாரும் அதுலதான் விழுவாங்க."

எழுந்திருக்கத் தோன்றவில்லை. கையை நீட்டித் தொட்டேன். இப்போதுதான் ஒரு டிராம் கடந்து போனதுபோல் இரும்பு சுட்டது.