ஒலக்கூர் வீட்டின் நீல அறை

நான் இப்போது இருக்கும் திண்டிவனத்தில் பக்கத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சிறுவயதில் ஒலக்கூரில் நாங்கள் குடிபோன வாடகை வீடு ஓடெல்லாம் உடைந்து கிடந்தது. "உங்க வீடு மாதிரி நெனச்சி சரி பண்ணிக்கோங்க" என்றார் ஓனர். நம்பினோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா ஓடு மாற்றினார். அம்மா சுவரின் பொத்தல்களைப் பூசினாள். நானும் அக்காவும் வெள்ளையடித்தோம். அக்கா மட்டும் தன் அறைக்கு நீலம் கலந்து அடித்து, ஜன்னலைச் சுற்றிப் பூசணிக்கொடி வரைந்தாள்.

வருஷக்கணக்கில் இழுத்து, ஒருவழியாக வேலை முடிந்தது. மறுவாரமே ஓனர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"சோக்கா பண்ணிக்கினீங்க. எம் பொண்ணு குடும்பத்தோட இங்க வருது. காலி பண்ணிக் குடுத்துடுங்க."

அப்பா தலையாட்டினார். அம்மாதான் கேட்டாள்: "கூரை ஒழுவுறப்ப உங்க பொண்ணு எங்கங்க இருந்துச்சி?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கிளம்பும் நாளில் அக்கா சுண்ணாம்பைக் கரைத்து, கொடியின்மேல் வெள்ளையடிக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, அழகா இருந்துச்சே!" என்று பதறினார் சாவி வாங்க வந்த ஓனர்.

"எனக்காக வரைஞ்சதுங்க."

அவளுக்கு மேல்பக்கம் எட்டவில்லை. அப்பா போய் ஸ்டூலைப் போட்டு, அவள் ஏறியதும் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.