முள் தேடும் கை

டயருக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே போவான் வேடியப்பன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையோரம் அவனுடைய பஞ்சர் கடை. எதிர்வீடு என்னுடையது.

"இன்னாடா, சாமி கும்புடுறியா?" என்பேன்.

"முள்ளு தேடுறேன் ஆயா. கண்ணு தெறந்திருந்தா கைக்கு ஒண்ணும் தெரியாது."

"மலைச்சாமி பேர வச்சுகினு சாமி இல்லேங்கிறியே!"

"பேரு வச்சது எங்கப்பன். அவரப் போயி கேளு."

அவன் அப்பன் செத்து எத்தனையோ காலம் ஆயிற்று. வாய் அப்படி. மலையேறும் ஜீப்காரன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தால், "பழம் இருக்கட்டும்யா, நட்ட இறுக்குனியா?" என்று தானே ஸ்பேனரோடு எழுந்து போவான்.

போன வருடம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் பெண்டாட்டி கண்ணகி, திரௌபதியம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டாள். பிழைத்து வந்தான். பிழைக்கவைத்தது டாக்டர் என்பது அவன் கட்சி. ஆத்தா என்பது அவள் கட்சி. நான் அவள் கட்சி. இன்றைக்கும் அதேதான்.

ஆனால் கண்ணகிக்குச் சர்க்கரை. பாதம் மரத்துக் கிடக்கிறது. முன்பு ஒரு முள் ஏறியது அவளுக்கே தெரியாமல் சீழ் வைத்து, ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். நெருப்பு சுட்டாலும் தெரியாது.

"எனக்காவத்தான வேண்டிகின? எனக்கே வேணாம்னு உங்காத்தாகிட்ட சொல்லிடு."

"வாக்கு குடுத்தவ நானு. நடுவுல நீ யாரு?"

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. நான்தான் போய்ச் சொன்னேன்: "தடுக்காதடா. வாக்கு தவறிட்டா அவ மனசே அவள தின்னுடும்."

"காலு போனா நீயா ஆயா தருவ?"

இருந்தாலும், மிதிக்கட்டும் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

தீமிதி அன்று, கோயில் தெருப்பக்கமே வராதவன், குண்டத்தின் மறுமுனையில் மிதித்தவர்கள் கால் நனைக்கும் பால்குழி அருகே வந்து நின்றான். தோளில் நனைத்த துண்டு. ஊரே "கோவிந்தா" என்றது. அவன் வாய் திறக்கவில்லை. மஞ்சள் புடவையில் கண்ணகி நெருப்பில் இறங்கினாள். எல்லோரும் ஓடிக் கடப்பார்கள். அவள் நடந்து வந்தாள்.

பால்குழியைத் தாண்டியதும் அவளைத் தரையில் உட்காரவைத்தான். அத்தனை பேர் நடுவே மண்டியிட்டு, பாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, துண்டால் சாம்பலைத் துடைத்தான். பிறகு குதிகாலிலிருந்து, விரல் இல்லாத அந்த இடம் வரை, உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே போனான், கண்ணை மூடிக்கொண்டு.