ஜமால் பாய் விற்றது நல்ல கார்டு

ஜமால் பாய் இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். காலையில் குரூப்பில் பார்த்தேன்…

பிரிக்பீல்ட்ஸில் மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாரே, அவர்தான். கீழே இருந்து கூப்பிட்டால் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மேல வாங்க லா, லிஃப்ட்லாம் இல்ல" என்பார்.

குரூப் முழுக்க ஆழ்ந்த இரங்கல், கும்பிடும் கை, மெழுகுவர்த்தி. "தங்கமான மனுஷன்" என்று ஒருவர். நாலு வருடத்துக்கு முன் இதே குரூப்பில் பாயைக் "கள்ளப் பய" என்று எழுதியவர் அவர்.

அவரை எழுத வைத்தது நான்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் நான். சாலாக் செலாத்தானில் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பாயிடம் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். "நானே வந்து மாட்டித் தரேன் பாஸ்" என்றார். "பத்து வருஷமா இதே வேலை பாய், எனக்குத் தெரியாதா?" என்று வாயடித்துவிட்டு வந்தேன்.

மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் கறுப்பு. கழற்றி, அழிரப்பரால் துடைத்து, திரும்ப மாட்டி… மூன்று தடவை. கறுப்புதான். கல்யாண வீட்டுக்காரர் வேறு போன் மேல் போன்.

பாய்க்கு ஒரு கால் அடித்துக் கேட்டிருக்கலாம். நேராக குரூப்பில் எழுதினேன்: "ஜமால் பாய் செத்த கார்ட புதுசுன்னு சொல்லி விக்கிறாரு. யாரும் போகாதீங்க." கடைப் படத்தோடு. அரை நாளில் ஊரெல்லாம் ஷேர்.

மறுநாள் மதியம் பாயே மோட்டாரில் வந்து நின்றார், மழையில் நனைந்து. சண்டை போடவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

மானிட்டர் கேபிளைப் புதுக் கார்டில் சொருகாமல், மதர்போர்டில் முன்பு இருந்த இடத்திலேயே விட்டிருந்தேன். அவர் பிடுங்கிக் கார்டில் சொருகினார். படம் வந்தது.

டீயோடு வந்த என் மனைவி, "என்ன பாய் ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லமா, கேபிள் கொஞ்சம் லூசா இருந்துச்சு." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

வாசலில்தான் மெதுவாகச் சொன்னார். "பாஸ், அந்தப் போஸ்ட்ட மட்டும் எடுத்துருங்க லா. என் மவ ஸ்கூல் குரூப் வரைக்கும் போயிருச்சு."

"இப்பவே எடுத்துடறேன் பாய்" என்றேன்.

எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். பத்து வருட அனுபவசாலி கேபிளை மாற்றிச் சொருகத் தெரியாமல் போனான் என்று எழுத வேண்டும். எனக்கு என் மானம் பெரிதாக இருந்தது.

அந்த வருடமே பாய் கடையை மூடினார். என்னால்தானா என்று தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன வருடம் சுங்கை வேயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். ஃபேக்டரி யூனிஃபார்மில் இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே மேசைக்கு வந்தார்.

"கார்டு ஓடுதா பாஸ்?"

"ஓடுது பாய்."

"ம்… நல்ல கார்டு அது."

ஒரு மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வராது. பாதி மீ கோரேங் நூடுல்ஸை அப்படியே விட்டு எழுந்து வந்தேன், கோழை.

அந்தப் போஸ்ட்டை ஷேர் செய்தவர்கள், தயவுசெய்து இதையும் ஷேர் செய்யுங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம்.

கார்டு இன்னும் ஓடுது பாய். இத டைப் பண்றதும் அதே கம்ப்யூட்டர்லதான்.

போஸ்ட்ட எடுத்துட்டேன்… இப்பத்தான். போயிட்டு வாங்க.